மணல் நிலத்தில் நீர் உறிஞ்சும் பாலிமர்: ஒரு பைன் நாற்றுச் சோதனையும் வயல் அளவின் கணக்கும்

மணல் நிலத்தில் நீர் தடையின்றி இறங்குகிறது. இறங்கிய வேகத்திலேயே வேருக்கு எட்டாத ஆழத்துக்கும் போய்விடுகிறது. ஒரு மீட்டர் ஆழ மணலில் பயிர் எடுத்துக்கொள்ளக்கூடிய நீர் பொதுவாக 50 முதல் 80 மில்லிமீட்டர்தான் இருக்கும். களி கலந்த வண்டல் நிலத்தில் இதைப்போல் இரண்டு, மூன்று மடங்கு தங்கும். ஊட்டச்சத்துக்கும் இதே நிலைதான். மணல் துகளின் பரப்பில் மின்னூட்டம் மிகக் குறைவாக இருப்பதால், இட்ட யூரியா நைட்ரேட்டாக மாறியதும் அடுத்த நீர்ப்பாசனத்தோடு கீழே இறங்குகிறது. பொட்டாசியமும் அதன் பின்னால் போகிறது. நீரையும் உரத்தையும் அடிக்கடி, சிறிது சிறிதாகக் கொடுப்பதைத் தவிர மணலில் பயிர் செய்பவருக்கு வேறு வழி இருப்பதில்லை. அதற்கான நீரோ ஆளோ இல்லாத இடங்களில்தான், நீரைப் பல நூறு மடங்கு உறிஞ்சி வைத்துக்கொள்ளும் பாலிமர் பொடி ஒரு தீர்வாக விற்கப்படுகிறது.

அந்தப் பொடி வேலை செய்யுமா என்ற கேள்விக்கு ஆய்வுகள் இரண்டு விதமாக விடை சொல்கின்றன. சிலவற்றில் வியப்பூட்டும் பலன் தெரிகிறது. வேறு சிலவற்றில் பொடி இட்ட மண்ணுக்கும் இடாத மண்ணுக்கும் வேறுபாடே இல்லை. இந்த முரண்பாட்டுக்குப் பெருமளவு காரணம் பொடியின் தரம் அன்று, மண்ணில் அது இருக்கும் செறிவும் அதற்குக் கிடைக்கும் நீரின் தன்மையுமே என்பது என் முடிபு. அதை ஒரு நல்ல சோதனையை நடுவில் வைத்துக் கணக்கிட்டுக் காட்ட முயல்கிறேன்.

பொருளும் அதன் பிறப்பும்

அமெரிக்க வேளாண் துறையின் ஆய்வகம் ஒன்று இல்லினாய் மாநிலத்தில் பியோரியா நகரில் இருக்கிறது. மக்காச்சோள மாவுச்சத்துக்குப் புதிய பயன்களைத் தேடிய அங்குள்ள வேதியியலாளர்கள், மாவுச்சத்துச் சங்கிலியின் மீது அக்ரிலோநைட்ரைல் என்னும் சேர்மத்தை ஒட்டி வளர்த்துக் காரத்தில் வேகவைத்தபோது, தன் எடையைப்போல் பல நூறு மடங்கு நீரை உறிஞ்சும் பொருள் ஒன்று கிடைத்தது. 1970களின் தொடக்கத்தில் அது ‘சூப்பர் ஸ்லர்ப்பர்’ என்ற பெயரில் அறியப்பட்டது. குழந்தைகளின் அணையாடைக்குள் இன்று இருக்கும் பொருளுக்கும் வேளாண்மையில் பயன்படும் நீர் உறிஞ்சும் பாலிமர் பொடியான ஹைட்ரோஜெல்லுக்கும் இந்த வரலாற்றில் பங்கு உண்டு. வேளாண்மையில் அதன் முதல் பயன்களில் விதையின் மேல் பூசுவதும் நாற்றின் வேரை நனைத்து நடுவதும் இருந்தன என்பதைக் கவனிக்க வேண்டும். பொருளை உருவாக்கியவர்களே அதை வயல் முழுவதும் தூவும் பொருளாக எண்ணித் தொடங்கவில்லை.

இன்று மண்ணில் இடப்படுபவை பெரும்பாலும் பொட்டாசியம் பாலிஅக்ரிலேட்டும், அக்ரிலமைடும் அக்ரிலேட்டும் கலந்த பாலிமர்களுமே. நீண்ட சங்கிலிகள் ஆங்காங்கே ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டிருப்பதால் இவை நீரில் கரைவதில்லை. சங்கிலியில் கார்பாக்சில் தொகுதிகள் எதிர்மின்னூட்டத்தோடு நிற்கின்றன. அவற்றைச் சமன்செய்யும் பொட்டாசியம் அயனிகள் உள்ளே அடைபட்டிருக்கின்றன. உள்ளே அயனிச் செறிவு மிகுதி, வெளியே குறைவு. ஆகவே சவ்வூடு பரவல் அழுத்தத்தால் நீர் உள்ளே நுழைகிறது. எதிர்மின்னூட்டங்கள் ஒன்றையொன்று தள்ளுவதால் சங்கிலிகள் விரிகின்றன. பிணைப்புகள் இழுத்துப் பிடிக்கும் எல்லை வந்ததும் வீக்கம் நிற்கிறது. இந்த விளக்கத்துக்குள்ளேயே பொருளின் பலவீனமும் இருக்கிறது: வெளி நீரில் உப்பு கூடினால் உள்ளுக்கும் வெளிக்குமான வேறுபாடு குறைகிறது, வீக்கமும் குறைகிறது. இதற்குப் பின்னர் வருகிறேன்.

இந்தியாவில் புதுதில்லியிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் ‘பூசா ஹைட்ரோஜெல்’ என்பதை உருவாக்கியது. செல்லுலோசை அடிப்படையாகக் கொண்டு அதன்மேல் அக்ரிலேட்டை ஒட்டிச் செய்யப்பட்ட இது, தன் உலர் எடையைப்போல் குறைந்தது 350 மடங்கு நீரை உறிஞ்சும் என்றும், நம் கோடை மண்ணின் வெப்பநிலையான 40 முதல் 50 டிகிரியில் உறிஞ்சுதிறன் உச்சத்தை எட்டும் என்றும் நிறுவனம் சொல்கிறது. உற்பத்தி உரிமம் பெற்றவற்றுள் சென்னையைச் சேர்ந்த கார்போரண்டம் யுனிவர்சல் நிறுவனமும் ஒன்று. வயலுக்கு ஹெக்டேருக்கு 2.5 முதல் 5 கிலோ, தொட்டிச் செடிக்கு ஒரு கிலோ மண்ணுக்கு 3 முதல் 5 கிராம் என்பன பரிந்துரைக்கப்பட்ட அளவுகள். ஒரே பொருளுக்கான இந்த இரண்டு அளவுகளுக்கும் இடையிலுள்ள தொலைவுதான் இந்த ஆய்வின் மையம்.

கோட்டிங்கன் சோதனை

1999இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆலாய்ஸ் ஹூட்டர்மனும் அவருடைய குழுவினரும் அலெப்போ பைன் நாற்றுகளைக் கொண்டு செய்த சோதனையின் முடிவுகளை வெளியிட்டனர். அலெப்போ பைன் நடுநிலக்கடல் நாடுகளின் வறண்ட சரிவுகளில் வளரும் மரம். நாற்றுகள் நடப்பட்டது மணற்பாங்கான மண். அதில் ‘ஸ்டாக்கோசார்ப் கே 400’ என்னும் ஹைட்ரோஜெல் எடையில் 0.04 விழுக்காட்டிலிருந்து 0.4 விழுக்காடு வரை வெவ்வேறு அளவுகளில் கலக்கப்பட்டது. அந்த ஜெல் பிணைப்பு மிகுந்த பாலிஅக்ரிலமைடு. அதன் அமைடு தொகுதிகளில் சுமார் 40 விழுக்காடு கார்பாக்சில் தொகுதிகளாக மாற்றப்பட்டவை. பிறகு நீர் நிறுத்தப்பட்டு, நாற்றுகள் எவ்வளவு காலம் தாங்குகின்றன என்று கணக்கெடுக்கப்பட்டது.

0.4 விழுக்காடு ஜெல் கலந்த மண்ணில் இருந்த நாற்றுகள், ஜெல் இல்லாத மண்ணில் இருந்தவற்றைப்போல் ஏறத்தாழ இருமடங்குக் காலம் உயிர்வாழ்ந்தன. வறட்சிக் காலத்திலும் அவற்றின் தண்டும் வேரும் தெளிவாகக் கூடுதலாக வளர்ந்தன. நடவுத் துறையில் இருப்பவர்கள் பெரும்பாலும் மேற்கோள் காட்டுவது இந்த இருமடங்கை. எனக்கோ அதே ஆய்வின் இன்னொரு கண்டுபிடிப்பு அதைவிடப் பெரியதாகப் படுகிறது: ஜெல்லின் அளவைக் கூட்டக் கூட்ட மண் பிடித்துவைக்கும் நீர் நேர்கோட்டில் உயராமல் அடுக்குப் பெருக்கமாக உயர்ந்தது. குறைந்த அளவில் பலன் சிறிது, ஒரு கட்டத்தைத் தாண்டிய பின் பலன் பெரிது என்பதே அதன் பொருள்.

ஏன் அப்படி? இதற்கு விளக்கம் துகள்களுக்கு இடையிலுள்ள தூரத்தில் இருப்பதாகக் கருதுகிறேன். ஒரு மில்லிமீட்டர் விட்டமுள்ள உலர்ந்த ஜெல் துகளின் எடை சுமார் 0.6 மில்லிகிராம் என்று கொள்வோம். மணலின் அடர்த்தி லிட்டருக்கு 1.5 கிலோ. 0.4 விழுக்காடு என்றால் ஒரு லிட்டர் மணலில் 6 கிராம், அதாவது ஏறத்தாழ 10,000 துகள்கள். அவை ஒன்றுக்கொன்று அரை சென்டிமீட்டருக்கும் குறைவான இடைவெளியில் இருக்கும். நூறு மடங்கு உறிஞ்சிய துகளின் விட்டம் ஏறக்குறைய 5 மில்லிமீட்டர். ஆகவே வீங்கிய துகள்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு, மண் முழுவதும் தொடர்ச்சியான வலையாக அமைகின்றன. வேர் எந்தப் பக்கம் போனாலும் ஜெல்லைத் தொடும்.

இப்போது ஹெக்டேருக்கு 5 கிலோவை எடுத்துக்கொண்டு, அதை மேல்மண்ணில் 10 சென்டிமீட்டர் ஆழத்துக்குச் சீராகக் கலந்ததாக வைத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் மண்ணுக்கு 5 மில்லிகிராம்தான் கிடைக்கும், எட்டுத் துகள். ஒவ்வொரு துகளும் அடுத்ததிலிருந்து 5 சென்டிமீட்டர் தள்ளி நிற்கும். ஈரமான களிமண்ணாக இருந்தால் அந்தத் தூரத்தை நீர் மெல்லக் கடந்து வேரை அடையலாம். உலர்ந்த மணல் நீரைக் கடத்துவதே இல்லை என்று சொல்லிவிடலாம். பெரிய துளைகள் காலியானதும் நீர்ப்படலம் அறுந்துபோகிறது. வேருக்கு ஓர் அங்குலம் அப்பால் வீங்கி நிற்கும் ஜெல் துகளால் அந்த வேருக்குப் பயன் ஏதும் இல்லை. மணல் நிலத்துக்கென்றே சொல்லப்படும் இந்தப் பொருள், செறிவு குறைந்தால் மணல் நிலத்தில்தான் முதலில் தோற்கும்.

வயல் அளவின் கணக்கு

நீரின் அளவை நேரடியாகவே கூட்டிப் பார்க்கலாம். 5 கிலோ ஜெல் தன் எடையைப்போல் 400 மடங்கு உறிஞ்சினாலும் சேர்வது 2,000 லிட்டர். அதை ஒரு ஹெக்டேர் பரப்பில் பரப்பினால் 0.2 மில்லிமீட்டர் உயரம்தான் வரும். கோடையில் பயிரும் மண்ணும் சேர்ந்து ஒரு நாளில் ஆவியாக்கும் நீர் சுமார் 5 மில்லிமீட்டர், அதாவது 50,000 லிட்டர். ஒரு நாள் தேவையில் இருபத்தைந்தில் ஒரு பங்கை மட்டுமே வைத்திருக்கக்கூடிய பொருள், பாசன இடைவெளியை நாள் கணக்கில் நீட்டும் என்று சொல்லப்படும்போது அந்தக் கூற்றை அப்படியே ஏற்க எனக்கு இயலவில்லை. ஒவ்வொரு மழைக்கும் பாசனத்துக்கும் பின் ஜெல் மறுபடி நிரம்பும் என்பது உண்மையே; நிரம்புவதும் ஒவ்வொரு முறையும் அதே 0.2 மில்லிமீட்டர்தான்.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். கோட்டிங்கன் அளவான 0.4 விழுக்காட்டை 30 சென்டிமீட்டர் ஆழத்துக்கு வயல் முழுவதும் கலக்க நினைத்தால், ஒரு ஹெக்டேரிலுள்ள 4,500 டன் மண்ணுக்கு 18 டன் ஜெல் வேண்டும். கிலோ ஆயிரம் ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஒரு கோடியே எண்பது லட்சம் ரூபாய். வயலில் பலன் தரும் செறிவு கட்டுப்படியாகாது. கட்டுப்படியாகும் செறிவு பலன் தராது.

இதற்கு நடுவே ஒரு சிறிய இடம் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. 5 கிலோவைத் தூவாமல் விதைச்சாலில் விதையோடு சேர்த்து இட்டால் நிலைமை மாறுகிறது. 30 சென்டிமீட்டர் இடைவெளியில் ஒரு ஹெக்டேரில் சுமார் 33,000 மீட்டர் நீளத்துக்குச் சால் ஓடும். மீட்டருக்கு 0.15 கிராம் ஜெல். உப்புள்ள நீரில் நூறு மடங்கே உறிஞ்சினாலும் 15 மில்லிலிட்டர். மீட்டருக்குப் பத்து நிலக்கடலை விதை என்றால் ஒரு விதைக்கு ஒன்றரை மில்லிலிட்டர் கிடைக்கிறது. அரை கிராம் எடையுள்ள விதை முளைப்பதற்கு உறிஞ்சும் நீரோடு ஒப்பிட்டால் இது சிறிய அளவன்று. ஆகவே, வயல் அளவில் பலன் கண்டதாகச் சொல்லும் சோதனைகளில் முளைப்பு சீராக வந்ததும் பயிர் எண்ணிக்கை குறையாமல் நின்றதுமே விளைச்சலைக் கூட்டியிருக்க வாய்ப்புண்டு. பருவம் முழுவதும் பயிருக்கு நீர் ஊட்டியதால் வந்த பலன் என்று அதைக் கொண்டால், அடுத்த ஆண்டு பாசனத்தைக் குறைத்துவிட்டு இழப்பைத்தான் சந்திக்க நேரும்.

நடவுக் குழி

செறிவும் செலவும் ஒத்துப்போகும் இடம் மரக்கன்று நடும் குழி. தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களின் தேரி நிலங்கள், குறிப்பாகச் சாத்தான்குளம், குதிரைமொழிப் பகுதிகளிலுள்ள செம்மணல் மேடுகள், இந்தக் கணக்கைப் பொருத்திப் பார்க்க ஏற்றவை. முந்திரியும் முருங்கையும் அங்கே வளர்கின்றன. நட்ட முதல் கோடையைக் கன்று தாண்டுவதுதான் பாடு.

ஒன்றரை அடிக் கனசதுரக் குழி என்றால் சுமார் 91 லிட்டர் கொள்ளளவு, 137 கிலோ மணல். வயல் கொள்திறனில் (மிகுநீர் வடிந்த பின்) கன அளவில் 8 விழுக்காடு நீரும் வாடல் நிலையில் (வேரால் மேலும் நீர் எடுக்க முடியாதபோது) 3 விழுக்காடு நீரும் இருக்கும் மணல் என்று கொண்டால், கன்று எடுத்துக்கொள்ளக்கூடியது நாலரை லிட்டர். இதில் 0.2 விழுக்காடு, அதாவது 270 கிராம் ஜெல் கலந்தால், கிணற்று நீரில் நூறு மடங்கு உறிஞ்சுவதாக வைத்து 27 லிட்டர் சேர்கிறது. இதில் பாதிதான் கன்றுக்குக் கிடைக்கும் என்று கடுமையாகக் குறைத்துக் கணக்கிட்டாலும் 13 லிட்டர் கூடுதல். நாளுக்கு அரை லிட்டர் குடிக்கும் கன்றுக்கு ஒன்பது நாள் போதுமானதாக இருந்த நீர் ஒரு மாதத்தைத் தாண்டுகிறது. மேற்பரப்பு ஆவியாதல் இந்த எண்ணைக் குறைக்கும். அதற்காகவே ஜெல்லை மேல் ஒரு சாண் ஆழத்தில் கலக்காமல், கீழே வேர்ப்பந்தைச் சுற்றி மட்டும் கலந்து, மேலே வெறும் மணலை மூடாக்குப்போல் விட வேண்டும். 7 மீட்டர் இடைவெளியில் நடப்படும் முந்திரியில் ஹெக்டேருக்கு சுமார் 200 குழிகள், மொத்தம் 55 கிலோ ஜெல். செலவு சிறிதன்று, ஆயினும் கன்று பட்டுப்போய் மறுநடவு செய்வதோடும் லாரித் தண்ணீர் விலையோடும் ஒப்பிட்டுத் தீர்மானிக்கக்கூடிய எல்லைக்குள் அது வந்துவிடுகிறது.

பொட்டலத்தில் அச்சிட்டிருக்கும் ‘400 மடங்கு’ என்ற எண்ணை வைத்து இதே கணக்கைப் போட்டால் 108 லிட்டர் வரும். குழியே 91 லிட்டர்தான். அந்த மணலின் மொத்தத் துளை இடம் 39 லிட்டரைத் தாண்டாது. ஆக, அந்த எண் ஆய்வகக் குவளையில், காய்ச்சி வடித்த நீரில், மேலே எந்தப் பாரமும் இல்லாமல் அளந்தது. மண்ணின் எடை அழுத்தும்போது ஜெல் அவ்வளவு வீங்க முடியாது. வலிந்து வீங்கினால் மண்ணை மேலே தூக்கி, பிறகு உலரும்போது வெற்றிடம் விட்டுக் கன்றை ஆட்டிவிடும். தொட்டியில் ஜெல்லைக் கூடுதலாக இட்டவர்கள், மழைக்குப் பின் மண் பிதுங்கி விளிம்புக்கு மேல் வருவதைப் பார்த்திருப்பார்கள். அளவுக்கு மிஞ்சிய ஜெல் துளைகளை அடைத்து, வேருக்கு வேண்டிய காற்றையும் குறைக்கிறது. குழிக்கு 0.1 முதல் 0.2 விழுக்காட்டுக்கு மேல் போக வேண்டாம் என்று நான் கருதுவதற்கு இதுவே காரணம். கோட்டிங்கனில் சிறந்து நின்ற 0.4 விழுக்காடு, சிறு நாற்றுகளை வைத்துச் செய்த கட்டுப்பாடான சோதனைக்கு உரிய எண்.

கிணற்று நீரும் உரமும்

1990இல் கலிபோர்னிய ஆய்வாளர்கள், தோட்டக்கலையில் பயன்படும் பாலிஅக்ரிலமைடு ஜெல்களை வெவ்வேறு உர உப்புக் கரைசல்களில் ஊறவைத்து அளந்தனர். உப்புச் செறிவு கூடக் கூட உறிஞ்சுதல் படிப்படியாகக் குறைந்தது. பொட்டாசியம், அம்மோனியம் ஆகியவற்றைவிடக் கால்சியமும் மக்னீசியமும் மிகக் கடுமையாகக் குறைத்தன. பொட்டாசியத்தால் சுருங்கிய ஜெல்லைத் தூய நீரில் பலமுறை அலசினால் அது பழைய திறனுக்கு மீண்டது. கால்சியத்தால் சுருங்கியது முழுமையாக மீளவில்லை. இரண்டு மின்னூட்டமுள்ள கால்சியம் அயனி, இரண்டு கார்பாக்சில் தொகுதிகளை ஒரே நேரத்தில் பற்றிக்கொண்டு சங்கிலிகளைக் கூடுதலாகக் கட்டிவிடுகிறது. பிணைப்பு கூடினால் வலை விரியாது.

கடின நீரில் இந்தத் திறனிழப்பு எவ்வளவு விரைவாக நேரும்? கோட்டிங்கனில் பயன்பட்ட ஜெல் வகையில் ஒரு கிலோவுக்குச் சுமார் 4,600 மில்லிசமானம் (அயனிகளின் மின்னூட்டத்தை அளக்கும் அலகு) மின்னூட்டம் இருக்கும் என்று அதன் வேதியியல் அமைப்பிலிருந்து கணக்கிடலாம். குழியிலுள்ள 270 கிராமுக்கு 1,240 மில்லிசமானம். கிணற்று நீரில் லிட்டருக்குக் கால்சியமும் மக்னீசியமும் சேர்ந்து 5 மில்லிசமானம் இருந்தால் (தென் மாவட்டக் கிணறுகளுக்கு இது பெரிய அளவன்று) சுமார் 250 லிட்டர் நீரில் வரும் கால்சியமும் மக்னீசியமும் எல்லாத் தொகுதிகளையும் நிறைக்கப் போதும். ஒரு முறைக்கு 10 லிட்டராக ஊற்றினால் 25 தடவை. உள்ளே வரும் அயனிகள் அனைத்தும் ஜெல்லில் போய் அமர்வதில்லை, ஆகவே நடப்பில் இதைவிடக் கூடுதல் காலம் ஆகும். மழைநீர் சிறிது மீட்பும் தரும். ஆயினும் ‘பல ஆண்டுகள் உழைக்கும்’ என்ற விளம்பரச் சொல்லைக் கடின நீர் உள்ள ஊரில் நம்புவதற்கு இடமில்லை. சவூதி அரேபியாவில் பசுமைக்குடிலில் செய்து 1999இல் வெளியான ஆய்வும் ஜெல்லின் திறன் காலப்போக்கில் குறைந்ததையே பதிவு செய்தது.

ஊட்டச்சத்தைப் பிடித்துவைக்கும் திறனும் இதே மின்னூட்டத்திலிருந்துதான் வருகிறது. ஆகவே இரண்டையும் சேர்த்தே மதிப்பிட வேண்டும். 100 கிராம் மணலின் நேர்மின் அயனிப் பரிமாற்றத் திறன், அதாவது நேர்மின் அயனிகளைப் பிடித்துவைக்கும் திறன், 2, 3 மில்லிசமானம் என்ற அளவில் இருக்கும். 0.2 விழுக்காடு ஜெல் அதில் ஏறத்தாழ 0.9 மில்லிசமானத்தைக் கூட்டுகிறது. மணலுக்கு இது மூன்றில் ஒரு பங்கு உயர்வு, புறக்கணிக்கத்தக்கதன்று. இந்தக் கூடுதல் இடத்தில் அமர்பவை அம்மோனியம், பொட்டாசியம், கால்சியம், மக்னீசியம் போன்ற நேர்மின் அயனிகள். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் எதிர்மின் அயனிகள். ஜெல் அவற்றைக் கவர்வதில்லை, தள்ளவே செய்கிறது. மணல் நிலத்தில் மிகுதியாக இழக்கப்படுவது நைட்ரேட் என்பதால், ‘உர இழப்பைத் தடுக்கும்’ என்ற பொதுச் சொல்லைப் பிரித்துப் பார்க்க வேண்டும். நைட்ரேட் இழப்பு ஜெல்லால் குறைவது உண்மையானால், அது கீழே வடியும் நீரின் அளவு குறைவதால் வரும் மறைமுகப் பலன். நீரை மிகுதியாக ஊற்றி வடியவிட்டால் அந்தப் பலனும் போய்விடும்.

உரமே ஜெல்லின் வீக்கத்தைக் குறைப்பதால், ஜெல்லும் உரமும் ஒரே பிடியில் குழிக்குள் போவதை நான் ஏற்கவில்லை. முதலில் ஜெல்லை நல்ல நீரில் ஊறவிட்டு மண்ணோடு கலந்து நட்டு, கன்று வேர் பிடித்த பின் உரத்தைச் சிறு பங்குகளாக மேலிருந்து கொடுப்பது ஏற்றது. கால்சியம் நைட்ரேட், ஜிப்சம் ஆகியவற்றை ஜெல் உள்ள குழியில் தவிர்க்க வேண்டும். வாய்ப்பு இருந்தால் முதல் ஊறலை மழைநீரில் செய்யலாம். அதனால் கிடைக்கும் கூடுதல் வீக்கம் கன்றின் முதல் மாதத்துக்கு உதவும்.

வீட்டுத் தோட்டக்காரர்கள் சிலர் அணையாடையைப் பிரித்து அதிலுள்ள பொடியைத் தொட்டியில் இடுகின்றனர். அது சோடியம் பாலிஅக்ரிலேட். மண்ணிலுள்ள பிற அயனிகள் உள்ளே போகும்போது சோடியம் வெளியேறி மண்ணில் சேர்கிறது. வேளாண்மைக்குப் பொட்டாசியம் வகை தனியாகச் செய்யப்படுவது இதனால்தான்.

தென்னை நார்க்கழிவோடு ஒப்பீடு

ஜெல்லுக்கு மாற்று நம் ஊரிலேயே குவிந்து கிடக்கிறது. தென்னை நார்க்கழிவு தன் எடையைப்போல் ஐந்து மடங்குக்கு மேல் நீரைத் தாங்கும். குழிக்கு 5 கிலோ உலர்ந்த நார்க்கழிவு என்றால் 25 லிட்டர். கடின நீரில் 270 கிராம் ஜெல் தரும் அளவுக்கு இது நெருக்கமானது. கால்சியத்தால் இது சுருங்குவதும் இல்லை. அதன் குறை பருமன்: 5 கிலோ நார்க்கழிவு தளர்வான நிலையில் 40 லிட்டர் இடம் பிடிக்கும், அதாவது குழியில் பாதிக்கு அருகில். சாலை இல்லாத தேரி மேட்டுக்கு 200 குழிகளுக்கான ஒரு டன்னைச் சுமப்பது வேறு, 55 கிலோ மூட்டையைக் கொண்டுபோவது வேறு. மேலும், பச்சை நார்க்கழிவில் கரிமத்துக்கும் தழைச்சத்துக்கும் உள்ள விகிதம் 112க்கு 1 என்ற அளவில் இருப்பதால் அது மண்ணின் தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும். சிப்பிக்காளான் வித்தும் யூரியாவும் இட்டு மக்கவைத்தால் விகிதம் 24க்கு 1 என்று இறங்குகிறது. மக்கிய நார்க்கழிவு கிடைக்கும் இடத்தில் அதுவே முதல் தேர்வு. குளத்துக் கரம்பை கிடைக்கும் ஊரில் அதற்கும் ஜெல்லைவிட முன்னுரிமை உண்டு, ஏனெனில் களிமண் மணலில் சேர்ந்தால் அந்தப் பலன் நிலையானது. இரண்டையும் கொண்டுபோக முடியாத தொலைவில், நாலைந்து முறைக்கு மேல் நீர் ஊற்ற வழியில்லாத நடவில்தான் ஜெல்லுக்கு உண்மையான தேவை இருக்கிறது.

மண்ணில் எஞ்சுவது

திறன் இழந்த ஜெல் எங்கே போகிறது என்பதை விற்பவர்கள் பேசுவதில்லை. 2014இல் வெளியான ஜெர்மன் ஆய்வு ஒன்று, குறியிடப்பட்ட கரிமத்தைக் கொண்டு செய்த பாலிஅக்ரிலேட்டை வயல் மண்ணில் வைத்து, அதன் முதன்மைச் சங்கிலி கரியமில வாயுவாக மாறுவதை அளந்தது. சுமார் ஆறு மாதத்தில் மாறியது கால் விழுக்காட்டுக்கும் குறைவு. சூரிய ஒளியும் நுண்ணுயிர்களும் ஜெல்லைத் துண்டாக்கும், கால்சியம் அதைச் சுருக்கும். ஆனால் கரிமச் சங்கிலி மண்ணிலேயே நீண்ட காலம் கிடக்கும். நீரைப் பிடிக்கும் திறன் ஓரிரு ஆண்டுகளில் தேய்ந்துவிட, பொருள் மட்டும் தங்கிவிடும் என்ற இந்த ஏற்றத்தாழ்வு என்னைக் கவலை கொள்ளச் செய்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2019இல் இயற்றிய உர ஒழுங்குமுறை, நீரைத் தக்கவைக்க இடப்படும் பாலிமர்கள் மண்ணில் மக்க வேண்டும் என்ற நிபந்தனையை உள்ளடக்கியது. செல்லுலோசை அடிப்படையாகக் கொண்டவற்றில் செல்லுலோசு மக்கும். அதன்மேல் ஒட்டிய அக்ரிலேட் சங்கிலிக்கு அதே உறுதியைத் தர முடியாது. பாலிஅக்ரிலமைடு வகையை வாங்குபவர், பாலிமராக இணையாமல் எஞ்சிய அக்ரிலமைடு மூலக்கூறு (மோனோமர்) எவ்வளவு என்ற சான்றை எழுத்தில் கேட்க வேண்டும். அந்த மோனோமர் நரம்பு மண்டலத்துக்கு நஞ்சு. குழிக்குள் மட்டும் இடுவதற்கு இதுவும் ஒரு காரணம்: ஹெக்டேருக்கு 55 கிலோ என்பது ஒரு முறைதான், ஆண்டுதோறும் தூவுவது அன்று.

வாங்குவதற்கு முன் செய்ய வேண்டியவை

ஒரு கிராம் பொடியைத் தன் கிணற்று நீர் ஒரு லிட்டரில் இரவு முழுவதும் ஊறவைத்து, மெல்லிய துணியில் வடித்து எடைபோட்டால், அந்த நிலத்துக்கு உரிய மடங்கு தெரிந்துவிடும். அதே ஜெல்லை உலர்த்தி, அதே நீரில் ஐந்தாறு முறை திரும்பத் திரும்ப ஊறவைத்து எடைபோட்டால், திறன் எவ்வளவு வேகமாகச் சரிகிறது என்பதும் தெரியும். ஆறாவது முறையில் ஐம்பது மடங்குக்குக் கீழே போனால் அந்தக் கிணற்று நீருக்கு அந்த ஜெல் ஏற்றதன்று. நடவில் ஒன்றுவிட்டு ஒரு குழிக்கு ஜெல் இட்டு, மற்றவற்றை வெறும் மணலாகவோ மக்கிய நார்க்கழிவோடோ விட்டு, எல்லாவற்றுக்கும் ஒரே அளவு நீரை ஒரே நாளில் ஊற்ற வேண்டும். உயிரோடு நிற்கும் கன்றுகளை முதல் கோடையின் முடிவில் ஒரு முறையும் இரண்டாம் கோடையின் முடிவில் ஒரு முறையும் எண்ணுவது முக்கியம். முதல் கோடையில் ஜெல் குழிகள் முன்னணியில் நின்று, இரண்டாம் கோடையில் வேறுபாடு மறைந்தாலும் ஜெல் தோற்றதாகாது: அதற்குள் வேர் ஈரமுள்ள ஆழத்தை எட்டியிருக்கும், ஜெல்லிடம் எதிர்பார்க்க வேண்டிய வேலையும் அவ்வளவே. முதல் கோடையிலேயே வேறுபாடு தெரியவில்லை என்றால், அடுத்த நடவுக்கு அந்தப் பணத்தை நார்க்கழிவிலோ கரம்பையிலோ செலவிடலாம்.